பூணுக்குள் போன வண்ணம்

இரண்டாம் படிவத்தில் படித்தபோது என் சித்தப்பாவின் தூரிகை ஒன்றை ஒரே இரவில் கெடுத்துவிட்டேன். சித்தப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். இயந்திரத்தில் எழுத்தை வெட்டிப் பலகையில் ஒட்டும் வழக்கம் இன்னும் பரவாத காலம் அது. நான் மாதிரி விமானங்களைச் செய்வதைப் பார்த்து, தம் பெட்டியிலிருந்து மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நனைத்தால் அதன் நுனி ஊசிபோல் கூடும். விமானி அமரும் கண்ணாடிக் கூண்டின் சட்டங்களை அதைக் கொண்டுதான் தீட்டினேன். வேலை முடிந்ததும் அதைத் தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்திவிட்டு உறங்கப் போனேன்.

மறுநாள் காலையில் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. எவ்வளவு நீவிவிட்டும் நிமிரவில்லை. பயந்துகொண்டே சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் கோபப்படவில்லை.

“நுனியைப் பார்க்காதே, தம்பி. இங்கே பார்,” என்று மயிரும் உலோகமும் சேரும் இடத்தைக் காட்டினார். அங்கே பச்சை வண்ணம் ஒரு வளையமாகக் காய்ந்திருந்தது. “நுனி வளைந்தது நேற்று ராத்திரி. ஆனால், இந்தத் தூரிகை கெட ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும்.”

அவர் சொன்னதன் பொருள் விளங்க வேண்டுமானால், தூரிகை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மரக்காம்பையும் மயிர்க்கற்றையையும் இணைப்பது பூண் என்னும் உலோகக் குழல். கற்றையின் அடிப்பகுதி பூணுக்குள் பசையிட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதை நாம் பார்க்க முடியாது. தீட்டும்போது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, மயிர்களுக்கு இடையே வண்ணம் மெல்ல மேலேறுகிறது. பூணின் வாயில் தங்கிக் காய்ந்த வண்ணம், மயிர்களுக்கு நடுவே ஆப்பு அடித்ததைப்போல் அவற்றை விரிக்கிறது. பிறகு எவ்வளவு கழுவினாலும் நுனி ஒன்றுசேராது. இரவு முழுதும் தண்ணீரில் நின்றால் காம்பும் தப்பாது. மரம் நீரை உறிஞ்சிப் பருத்து, மேல்பூச்சு வெடிக்கும். காய்ந்ததும் மரம் சுருங்கிப் பூண் ஆடத் தொடங்கும்.

மாதிரி உருக்களுக்குப் பெரும்பாலோர் அக்ரிலிக் வண்ணத்தைப் பயன்படுத்துகின்றனர். அதில் நுண்ணிய நெகிழித் துகள்கள் நீரில் மிதந்துகொண்டிருக்கும். நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு படலமாகிவிடும். அந்தப் படலத்தை நீரால் மீண்டும் கரைக்க முடியாது. எனவே, ஈரமாக இருக்கும்போது குழாய்த் தண்ணீரிலேயே போகும் வண்ணத்துக்கு, அரைமணி நேரம் கழித்து ஆல்கஹால் தேவைப்படும். எனாமல் வண்ணத்துக்கு டர்பெண்டைன் வேண்டும். லாக்கருக்கு அதற்கே உரிய தின்னர் வேண்டும். புட்டியில் ஒட்டியுள்ள குறிப்பைப் படித்த பிறகே மூடியைத் திறவுங்கள்.

இனி, தூரிகையைப் பேணும் முறைக்கு வருவோம். மயிரின் பாதி நீளத்துக்கு மேல் வண்ணத்தில் தோய்க்கக் கூடாது. ஒரே நிறத்தைத் தீட்டிக்கொண்டிருந்தாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலசவேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை. நிறம் மாறும்போது மட்டும் கழுவினால் போதும் என்று நினைக்கிறார்கள். இரண்டு குவளைத் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது: ஒன்று அழுக்கைக் கழுவ, மற்றொன்று கடைசியாக அலச. குவளையின் அடியில் தூரிகையை இடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் உள்ளங்கையில் மென்மையான சவர்க்காரத்தைக் குழைத்து, அதில் தூரிகையை மெதுவாகச் சுழற்றுங்கள். நுரையில் நிறம் தெரியாமல் போகும்வரை இப்படிச் செய்யவேண்டும். சுடுநீர் வேண்டாம், அது பூணுக்குள் இருக்கும் பசையை இளக்கிவிடக்கூடும்.

பிறகு விரல்களால் நுனியைக் கூட்டி, தூரிகையைப் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். பழைய ஓவியர்கள் சிலர் உதட்டில் வைத்து நுனியைக் கூட்டுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சில வண்ணங்களில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. புதுத் தூரிகையுடன் வரும் நெகிழிக் குழாயை ஈரம் காய்வதற்கு முன் மாட்டிவிடாதீர்கள். நம் நாட்டுப் புழுக்கத்தில் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும்.

சித்தப்பா கொடுத்தது கோலின்ஸ்கி வகைத் தூரிகை என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. சைபீரியாவில் வாழும், கீரியைப்போல் தோற்றமளிக்கும் ஒரு சிறு விலங்கின் வால்மயிரால் செய்யப்படுவது அது. விலையும் அதிகம். பழகும்போது செயற்கை இழைத் தூரிகையே போதும் என்பது என் கருத்து. எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதன் நுனி நாளடைவில் சற்று வளையும். ஆனால், அதைக் கெடுத்தால் யாரிடமும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகை ஒன்றை வாங்கினேன். அதைக் கொண்டு வண்ணம் பூச எடுத்தது பஃபலோ விமானம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியபோது பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைப்பிரிவுகள் இங்கிருந்து ஓட்டிய அமெரிக்கத் தயாரிப்பு அது. 48இல் ஒரு பங்கு அளவில் செய்யும்போது, அதன் இறக்கைகள் நுனிக்கு நுனி ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் வரும். பழுப்பு நிறம் அழகாகப் படிந்தது. அதன்மேல் கரும்பச்சையை அடிக்கத் தொடங்கினேன். இடது இறக்கையின் நடுவில் தெளிப்பு விட்டுவிட்டு வந்தது. விசையை இன்னும் பின்னுக்கு இழுத்தேன். சட்டென்று பச்சைத் துளிகள் இறக்கை முழுவதும் சிதறின. மூன்று வார வேலை வீணானது.

இங்கும் அதே நோய்தான்; இடம்தான் வேறு. காற்றுத் தூரிகையின் விசையை அழுத்தினால் காற்று வரும். பின்னுக்கு இழுத்தால் உள்ளிருக்கும் ஊசி நகர்ந்து வண்ணத்துக்கு வழிவிடும். ஊசி பொருந்தியிருக்கும் முனைக்குழலின் துளை 0.3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதில் காய்ந்த துணுக்கு ஒன்று மாட்டினாலே போதும். காற்று இடைவிடாமல் வீசுவதால் ஊசி முனையிலுள்ள வண்ணம் விரைவில் உலர்கிறது. அதனால் வண்ணத்தைப் பால் பதத்துக்கு இளக்கிக்கொள்ள வேண்டும். தெளிப்பு தடுமாறினால் விசையை இழுக்கக் கூடாது. நிறுத்திவிட்டு, தூய்மிப்பு நீர்மத்தில் நனைத்த சிறு தூரிகையால் ஊசி முனையைத் துடைக்க வேண்டும். அன்று நான் செய்யாதது இதுதான்.

நிறத்தை மாற்றும்போது, கிண்ணத்தில் எஞ்சியதை ஊற்றிவிட்டுப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பின்னர் தூய்மிப்பு நீர்மத்தை ஊற்றி, மெல்லிழைத்தாளின்மீது நிறமின்றி வரும்வரை தெளியுங்கள். முனையைத் தாளால் மெதுவாக மூடி விசையை இயக்கினால், காற்று பின்னோக்கிச் சென்று கிண்ணத்தில் குமிழியிடும். உள்ளே ஒளிந்திருக்கும் வண்ணமும் வெளியே வரும்.

அன்றைய வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்ற வேண்டும். முதலில் ஊசியைப் பின்வழியாக உருவுங்கள். அதன் பிறகு முனைக்குழலைத் தொடுங்கள். ஊசியைத் துடைக்கும்போது தடித்த பகுதியிலிருந்து கூர்முனை நோக்கியே துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் விரலும் குத்துப்படும், முனையும் வளையும். முனைக்குழல் அரிசியைவிடச் சிறியதாக இருக்கலாம். கழுவுதொட்டியின்மேல் அதைக் கழற்றித் தேடியவர்கள் பலர். ஒரு தட்டில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் கழற்றுங்கள். தூரிகை முழுவதையும் தின்னரில் ஊறப்போட வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிவிடக்கூடும். அமோனியா கலந்த சன்னல் துடைப்பு நீர்மமும் வேண்டாம். அது பித்தளையை அரிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றழுத்தியில் இறுகிய காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். காற்றுக்குழாயில் நீர்ப்பிடிப்பான் பொருத்தி அதை அவ்வப்போது வடிக்காவிட்டால், வண்ணத்தோடு தண்ணீர்த் துளியும் தெறிக்கும். தெளிக்கும்போதும் தின்னரைப் பயன்படுத்தும்போதும் சன்னலைத் திறந்துவைத்து, அந்த வேலைக்குரிய முகக்கவசத்தை அணிந்துகொள்ளுங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

பஃபலோவின் இடது இறக்கையை நீர்த்தாளால் தேய்த்து மீண்டும் வண்ணம் அடித்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியாக, வண்ணம் தேய்ந்து உலோகம் தெரிவதைப்போல் ஆணித்தலைகளில் வெள்ளி நிறம் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்குத் தூரிகையில் வண்ணத்தைத் தொட்டு, ஏறக்குறைய முழுவதையும் தாளில் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் இழைய விடுவார்கள். நல்ல தூரிகையை இதற்குப் பயன்படுத்துவதில்லை, மயிர் நசுங்கிவிடும். மேசை இழுப்பறையைத் திறந்தேன். சித்தப்பாவின் வளைந்த தூரிகை அங்கே இருந்தது.