பதநீரும் கள்ளும்: ஒரு வேதியியல் நோக்கு

ஒயின் என்றதும் பிரான்சு நாடும் இத்தாலி நாடுமே நம் நினைவுக்கு வருகின்றன. நன்கு பழுத்த திராட்சையைப் பிழிந்து, தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கவிட்டுப் பெறுவது வெள்ளை ஒயின். ஆனால் அதன் நிறம் வெண்மையன்று. வைக்கோல் நிறம், அல்லது பொன்னிறம். வெள்ளை என்ற பெயர் முற்றும் பொருந்தும் மது ஒன்று உண்டெனில் அது நம் பனைமரத்துக் கள்ளே. குத்துக்கல்வலசையில் பிறந்தவன் என்ற முறையிலும், வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும் அதனைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். கள்ளுக்குப் பரிந்து பேச வந்தான் என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ண வேண்டாம். நான் பேசப்போவது பெரும்பாலும் சுண்ணாம்பைப் பற்றியே!

பனையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நுங்கு தருவது பெண் பனை மட்டுமே. ஆயினும் சாறு இரண்டின் பாளையிலும் சுரக்கும். பனையேறி பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை அரிவாளால் மெல்லியதாகச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். காலையும் மாலையும் ஏறி மீண்டும் சீவ வேண்டும். இல்லையேல் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கிழக்கே திருச்செந்தூர், உடன்குடித் தேரிக்காடுகளில் பனையே வாழ்வு. மலையடிவாரமான நம் பகுதியிலோ வயலும் தென்னையுமே மிகுதி. பனைகள் வரப்போரங்களிலும் மேட்டு நிலங்களிலும் நிற்கின்றன. எங்கள் ஊர்ப் பனையேறி அண்ணாச்சி, "சாரல் விழுந்தா நம்ம சோலி முடிஞ்சுது தம்பி" என்பார். குற்றாலத்தில் அருவி கொட்டத் தொடங்கும்போது கலயத்தில் மழைநீர் கலக்கிறது, மரமும் வழுக்குகிறது. ஊருக்கே சீசன் தொடங்கும் நாளில் அவருக்குச் சீசன் முடிகிறது!

இனி வேதியியலுக்கு வருவோம். பாளையில் சுரக்கும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உண்டு. அது பெரும்பாலும் கரும்பில் உள்ள அதே சுக்ரோஸ். சாறு கலயத்தில் விழுந்தவுடனேயே காற்றிலும் கலயத்தின் சுவரிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து, பின் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. கள் நுரைப்பது இவ்வாயுவினால்தான். ஈஸ்ட்டுடன் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. கள்ளின் வெண்மை எங்கிருந்து வந்தது? சாற்றில் மிதக்கும் இக்கோடானுகோடி நுண்ணுயிர்களின் திரளே அது!

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இவற்றுள் ஒன்றும் நிகழ்வதில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தில் இவ்வுயிர்கள் தழைப்பதில்லை. சாறு சாறாகவே, அதாவது பதநீராகவே, இறங்குகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதநீரில் சிவப்பு லிட்மஸ் தாளைத் தோய்த்தேன், நீலமாயிற்று. குழாய் வழியே மூச்சை ஊதியபோது பதநீர் மேலும் கலங்கி வெண்படிவு இறங்கிற்று. பள்ளியில் நாம் சுண்ணாம்பு நீரில் செய்து பார்த்த அதே சோதனைதான். பதநீரில் மாங்காய்த் துண்டுகளை நறுக்கிப் போட்டுக் குடிக்கும் வழக்கமும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது: மாங்காயின் அமிலம் சுண்ணாம்பின் காரத்தைத் தணிக்கிறது.

திராட்சைச் சாறு இயல்பிலேயே புளிப்பானது. டார்டாரிக், மாலிக் அமிலங்கள் அதில் உண்டு. சர்க்கரையும் பனஞ்சாற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே ஒயினில் ஆல்கஹால் பதினொன்று, பதின்மூன்று சதவீதம் வரை ஏறுகிறது. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து காவல் காக்கின்றன. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் சிறந்த ஒயின்கள் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் சுவை குன்றுவதில்லை. கள்ளில் ஆல்கஹால் நான்கு ஐந்து சதவீதமே. காலையில் இனிப்பது மாலையில் புளிக்கும். மறுநாள் காடியை நோக்கிப் போகும். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியுள்ளார். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவர்கள் மது கடல் கடந்து வந்தது. நம் கள்ளோ அடுத்த ஊர்ச் சந்தைவரை போனாலே பெரிது. கள்ளின் நாடு என்பது பனை நிற்கும் இடமும் ஒருவர் நடந்துபோகும் தொலைவுமே.

சட்டமும் இச்சுண்ணாம்பின்மீதுதான் நிற்கிறது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் இறுகியது. 1981இல் திறந்த கள்ளுக்கடைகள் 1987இல் மூடப்பட்டன. இன்றும் பதநீர் இறக்கலாம், கள் இறக்கலாகாது. பாட்டிலில் அடைத்த ஒயினை அரசு நிறுவனமே கடை வைத்து விற்கிறது என்பதையும் ஈண்டு நினைக்கத் தோன்றுகிறது. புளியரையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் அதே கள் உரிமம் பெற்ற கடையில் கிடைக்கும். செங்கோட்டையே 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்த மண்தானே! மரம் மாறவில்லை, எல்லைதான் மாறிற்று.

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. என் கவலை வேறு. கோடைப் புழுக்கத்தில் இரவெல்லாம் கலயம் மரத்தில் தொங்குகிறது. தடவிய சுண்ணாம்பு சற்றுக் குறைந்தாலும் விடியலில் பதநீர் தானே பொங்கிவிடும். பனையேறி விரும்பாமலேயே குற்றவாளி ஆகலாம். அஞ்சிச் சுண்ணாம்பை மிகுத்தாலோ குடிப்பவர் நாக்கு வெந்துபோகும், கருப்பட்டியும் உருப்படாது. ஆகவே லிட்மஸ் தாள் புத்தகம் ஒன்றை அண்ணாச்சியிடம் கொடுத்து, நிறம் பார்க்கும் முறையை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஏழு கலயங்களிலிருந்தும் ஒவ்வொரு துளி நாக்கில் வைத்து, "இது சரி, இது சரி, இது கைமீறிட்டு" என்று வரிசையாகச் சொல்லி வந்தார். தாளைத் தோய்த்துப் பார்த்தேன். கைமீறியதென்று அவர் ஒதுக்கிய கலயம் ஒன்றில் மட்டும் சிவப்புத் தாள் சிவப்பாகவே இருந்தது.