பதிவாளர் கத்தோலிக்கர் என்றால் என்ன தப்பு?

எல்ல, தெமோதரை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணப் பேச்சு எடுத்தால் கோயிலா, ரெஜிஸ்டரா என்ற கேள்வியும் கூடவே வரும். அதையொட்டி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கத்தோலிக்கர் ஒருவர் விவாகப் பதிவாளராக இருந்து கல்யாணம் எழுதிவைப்பது பாவம்.

உண்மை: திருச்சபைச் சட்டத்தில் அப்படியொரு தடை கிடையாது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி பதிவாளர் அறிவித்தலை ஏற்கிறார், தடை ஏதும் உண்டா என்று பார்க்கிறார், சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து வாங்குகிறார். கல்யாணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். திருச்சபையும் அதையே சொல்கிறது. இந்து ஜோடியொன்று அவர் முன்னால் கையெழுத்திட்டால், அதைச் செல்லுபடியான கல்யாணமாகத்தான் திருச்சபையும் எடுத்துக்கொள்கிறது. இத்தாலியில் மேயர்தான் சிவில் திருமணம் நடத்துகிறார். அங்கே மேயராக வருகிறவர்களில் கத்தோலிக்கர் எத்தனை பேர்!

சிக்கல், மணமக்களும் கத்தோலிக்கராக இருந்து, கோயில் பக்கம் போகாமல் நேரே கந்தோருக்கு வரும்போதுதான். அதற்கும் பதில் சொல்ல வேண்டியது மணமக்களே. “சாமியையும் ஒருக்கா பாத்துட்டு வாங்க” என்று பதிவாளர் பெரிய மனுஷனாகச் சொல்லலாம். சட்டம் அனுமதிக்கிறவர்களைத் திருப்பி அனுப்பும் உரிமை அவருக்கு இல்லை, இருக்கவும் கூடாது.

நம்பிக்கை: ரெஜிஸ்டர் முடித்துவிட்டால் கோயிலில் வேறு எதற்கு?

உண்மை: அரசுக்கு அது போதும், திருச்சபைக்குப் போதாது. மணமக்களில் ஒருவராவது கத்தோலிக்கர் என்றால், ஆயரின் விதிவிலக்கு இல்லாதபோது, பங்குத்தந்தை அல்லது அவர் அதிகாரம் கொடுத்த குருவோ திருத்தொண்டரோ, கூட இரண்டு சாட்சிகளும் வேண்டும். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் காலத்தில் உரோமை இந்த விதியை உலகெங்கும் இறுக்கியதும் 1907இல்தான். நம் கட்டளைச் சட்டம் பிறந்த அதே வருஷம்!

நம்பிக்கை: சாமி கட்டிவைக்கும் கல்யாணத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

உண்மை: இருக்கிறது. பதிவுசெய்யப்பட்ட வணக்கஸ்தலத்தில், பதிவாளர் கொடுத்த அத்தாட்சிப் பத்திரத்தோடு குருவானவர் நடத்துவது சட்டப்படியான கல்யாணமே. அதற்காகக் கோயிலில் ஓலை வாசித்தாயிற்று என்று இருந்துவிட வேண்டாம். பதிவாளருக்கு அறிவித்தல் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் குருவே அரச பதிவாளர் பதவியில் உட்கார்வது வேறு கதை. அரச அதிகாரம் கொண்ட பதவிகளைக் குருக்களுக்குத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 285ஆம் சட்டம் விலக்குகிறது.

நம்பிக்கை: வெள்ளைக்காரர் மாதிரி கூட்டாளி ஒருவரை வைத்தே கல்யாணத்தை நடத்திவிடலாம்.

உண்மை: அமெரிக்காவில் பல மாநிலங்களில் நடக்கும். ஒன்பது வளைவுப் பாலத்தடியில் கூட்டாளி நடத்திவைத்தால் படம் அழகாக வரும். இந்தக் கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

கோயிலோ கந்தோரோ, எங்கே கட்டினாலும் விவாகச் சான்றிதழின் பிரதியைக் கையோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கணவர் தவறிய பிறகு சேமலாப நிதிக்கு அலையும்போது அதையும் கேட்கலாம்.