புல்லுக்கும் ஓய்வு வேண்டும்

மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போகிறவர்கள் நம் லயங்களில் நிறையப் பேர். அதிலும் பெண்களே அதிகம். ரோட்டோரம், கான் ஓரம், ஆற்றோரம் என்று அலைந்து ஒரு கட்டு சேர்த்துத் தலையில் தூக்கி வருவதற்குள் இருட்டிவிடுகிறது. மழை மாதத்தில் பரவாயில்லை. வெயில் மாதத்தில் எவ்வளவு தூரம் நடந்தாலும் கட்டு நிறைவதில்லை. பால் குறைகிறது. பால் காசை நம்பி வாங்கிய கொப்பி, புத்தகக் கடன் நிற்கிறது. கடைசியில் "தீனி போட முடியாத மாட்டை வச்சுக்கிட்டு என்ன செய்யிறது?" என்று வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிப் போன மாடுகள் எத்தனை என்று ஒவ்வொரு லயத்துக்கும் தெரியும். புல் இல்லாமல் போவதற்கு இடம் போதாதது ஒரு காரணம். இருக்கிற புல்லை வளர விடாமல் அறுப்பது இன்னொரு காரணம். முதலாவதை நாம் உடனே மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றலாம். அதைத்தான் இந்த மாதப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

கொழுந்து சொல்லித் தரும் பாடம்

இன்றைக்குக் கொழுந்தெடுத்த மலையில் நாளைக்கே திரும்பவும் நிரை பிடிப்போமா? மாட்டோம். ஏழெட்டு நாள் கழித்துத்தான் அடுத்த ரவுண்டு வரும். எடுக்கும்போதும் மட்டத்துக்கு மேலே வந்ததைத்தான் கிள்ளுகிறோம். கீழே உள்ள முற்றிய இலையைத் தொடுவதில்லை. அந்த இலைதான் செடிக்குச் சோறாக்குகிற அடுப்பு.

புல்லும் அப்படித்தான். அறுத்த முதல் சில நாள் மெதுவாகவே வளரும். இலை இல்லாததால், வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்ததை எடுத்துத்தான் தளிர் விடுகிறது. இலை விரிந்தபின் வேகமாக வளரும். பிறகு தண்டு முற்றி, வளர்ச்சி நின்றுவிடும். முதல் தளிர் வரும்போதே மாடு கடித்தாலோ நாம் அறுத்தாலோ சேமிப்பு தீர்ந்து, வேர் குட்டையாகிவிடும். குட்டை வேர் வெயிலைத் தாங்காது. புல் செத்த இடத்தில் மாடு தின்னாத களை முளைக்கும். மழை வந்தால் மண்ணும் ஓடும்.

பிரான்ஸ் நாட்டில் மாடு வளர்த்த ஆந்திரே வுவாசேன் என்பவர் 1957இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக எழுதினார். அவர் சொன்னதில் நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, கடிபட்ட புல் நன்றாக மீண்டு வரும்வரை மாடு அங்கே திரும்பக் கூடாது. இரண்டு, ஒரு துண்டு நிலத்தில் மாடு சில நாள்தான் நிற்க வேண்டும். அதிக நாள் நின்றால், கடித்த இடத்தில் வரும் புதுத் தளிரையும் அதே மாடு கடித்துவிடும். இதற்குத்தான் சுழற்சி மேய்ச்சல் என்று பெயர்.

"எங்களுக்கு அவ்வளவு இடமில்லீங்களே!"

அம்பேவலப் பக்கம் ரயிலில் போனவர்கள் வேலி அடைத்த பெரிய புல்வெளிகளைப் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் அப்படி இடமில்லை. மாடு பட்டியிலேதான் நிற்கிறது, புல்லை நாம்தான் அறுத்துப் போடுகிறோம். அதனால் மாட்டைச் சுற்ற வைப்பதற்குப் பதிலாக அரிவாளைச் சுற்ற வைப்போம்.

செய்யும் முறை இதுதான்:

1. தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு அனுமதி வாங்கிய புல் நிலத்தை ஆறு பாத்தியாகப் பிரியுங்கள். பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். அப்போதுதான் மண் கழுவிப் போகாது. எல்லையில் ஒரு குச்சி நட்டால் போதும், வேலி வேண்டாம்.

2. ஒரு வாரத்துக்கு ஒரு பாத்தி. அந்த வாரம் முழுவதும் அந்தப் பாத்தியில் மட்டும், ஒரு ஓரத்திலிருந்து ஒழுங்காக அறுத்து வாருங்கள். ஆறாவது பாத்தி முடிந்து முதலாவதுக்குத் திரும்பும்போது 42 நாள் ஆகியிருக்கும்.

3. குளிர் கூடிய மேல்மலைத் தோட்டங்களில் புல் மெதுவாகவே வளரும். அங்கே எட்டுப் பாத்தி வையுங்கள். சுற்று 56 நாளாகும்.

4. சீ.ஓ.3 போன்ற உயரப் புல்லைத் தரையோடு ஒட்ட அறுக்க வேண்டாம். நாலைந்து அங்குலம் அடிக்கட்டை விடுங்கள்.

5. அறுத்து முடித்த பாத்திக்கு உடனே மக்கிய சாணத்தைப் போடுங்கள். புல் எடுத்துக்கொண்டு போன சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிற வழி அதுதான்.

பிஞ்சுப் புல்லில் தண்ணீர்தான் அதிகம். அதையே போட்டால் மாடு கழியும், பாலில் கொழுப்பும் குறையும். கொழுப்புப் பார்த்து விலை போடுகிற இடத்தில் அது நமக்குத்தான் நட்டம். முற்றிய புல்லில் தண்டை மாடு ஒதுக்கிவிடும். ரவுண்டு சரியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவிலே நல்ல பதத்தில் புல் கிடைக்கும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

கணக்கு கஷ்டமில்லை. மூன்றடிக்கு மூன்றடி ஒரு சதுரம் அளந்து, பதமான புல்லை அறுத்து நிறுங்கள். உதாரணமாக 4 கிலோ வந்தது என்று வைப்போம். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளைக்கு ஏறக்குறைய 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். அப்படியென்றால் நாளைக்கு 10 சதுரம். 42 நாளுக்கு 420 சதுரம். அது 3,780 சதுர அடி, ஏறக்குறைய 14 பேர்ச்சஸ்.

அவ்வளவு இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். 7 பேர்ச்சஸ் இருந்தால் பாதித் தீனி அங்கே கிடைக்கும். மீதிப் பாதிக்குத்தான் வெளியே போக வேண்டும். அதாவது இரண்டு கட்டுக்குப் பதிலாக ஒரு கட்டு. அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம் என்று வீட்டிலுள்ள ஆண்கள் யோசித்துப் பாருங்கள்.

கயிற்றில் கட்டி மேய்ப்பவர்களுக்கு

ஒரே முளையில் நாள்கணக்காகக் கட்டினால் அந்த வட்டம் மொட்டையாகிவிடும். முளையைத் தினமும் மாற்றுங்கள். கட்டையாகப் படரும் புல் ஆறு அங்குலமாவது வளர்ந்தபின் மாட்டை விடுங்கள். இரண்டு மூன்று அங்குலம் மிச்சமிருக்கும்போதே அடுத்த இடத்துக்கு மாற்றுங்கள். நிழலும் தண்ணீரும் மறக்க வேண்டாம். இடம் மாறி மேய்ந்தால் மாடு தன் சாணத்தருகிலேயே திரும்பத் திரும்ப மேயாது, அதனால் புழுத் தொல்லையும் குறையலாம். ஆனாலும் கால்நடை வைத்தியர் சொல்லும் பூச்சி மருந்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

வெயில் மாதத்தில்தான் சோதனை

டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் தை முதல் பங்குனி வரை காய்ச்சல். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆடி, ஆவணி. இந்த மாதங்களில்தான் நாம் பெரிய பிழை செய்கிறோம்.

ஒரு தோட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் சொன்னார்: "ஆறு பாத்தி போட்டு நல்லாத்தான் செஞ்சோம். வெயில் வந்ததும் புல்லு சின்னதாப் போச்சு. ஒரு வாரத்துப் பாத்தி நாலு நாள்ல முடிஞ்சிருச்சு. அடுத்ததுக்குப் போனோம், அதுவும் முடிஞ்சிருச்சு. மாசம் முடியிறதுக்குள்ள ஒண்ணுமில்ல."

நடந்தது என்ன? புல் மெதுவாக வளரும் காலத்தில் சுற்று வேகமாகிவிட்டது. 42 நாள் ஓய்வு 24 நாளாகிவிட்டது. அதிக ஓய்வு வேண்டிய நேரத்தில் குறைந்த ஓய்வுதான் கிடைத்தது. கொழுந்து குறையும்போது தோட்டத்தில் ரவுண்டைத் தள்ளிப் போடுவார்களே, அதே போல வெயிலில் புல் ரவுண்டையும் தள்ளிப் போட வேண்டும். தினமும் அறுக்கும் அளவைக் குறைத்து, ஒரு பாத்தியைப் பத்து நாள் வரை நீட்டுங்கள்.

"அப்ப மாடு பட்டினியா?" என்று கேட்பீர்கள். குறைவதை வேறு தீனியால் நிரப்ப வேண்டும். வேலியிலே கிளிரிசிடியா, முள்ளுமுருங்கைக் கம்புகளை மழைக் காலத்திலேயே நட்டு வைத்தால் வெயிலில் இலை கிடைக்கும். பலா இலையும் உதவும். இலைத் தீனி மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். கான் ஓரத்தில் குவாத்தமாலா புல் நட்டால் மண்ணும் நிற்கும், தீனியும் ஆகும்.

ஒரு எச்சரிக்கை

களைக்கு மருந்து அடித்த மலையிலிருந்து புல் எடுக்காதீர்கள். பச்சையாகத் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம். அடித்து சில நாள் வரை புல் பச்சையாகவே நிற்கும். எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டு, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கூடிப் பேசுவோம்

• நம் லயத்தில் போன வெயிலில் எத்தனை மாடு விற்கப்பட்டது? ஏன்?
• நாலைந்து குடும்பம் சேர்ந்து புல் நிலத்துக்கு அனுமதி கேட்கலாமா?
• புல் வெட்டும் வேலையை வீட்டில் எப்படிப் பங்கு போடலாம்?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு குச்சி வெட்டி எல்லை நட்டுப் பாருங்கள். காசு செலவில்லை. முதல் சுற்று முடியும்வரை பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நமக்கு ஞாயிறு ஓய்வு கிடைத்தால் திங்கட்கிழமை கை வேகமாக ஓடுகிறதல்லவா? புல்லும் அதையேதான் கேட்கிறது.