இருவகை மின்னோட்டம்

சென்ற கோடை விடுமுறையில், காயல்பட்டினத்தில் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். அவ்வில்லத்து மொட்டை மாடியில், கதிரவன் ஒளியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் தகடுகள் பத்து புதிதாக வைக்கப்பட்டிருந்தன. ஒருநாள் நண்பகலில், அத்தகடுகளிலிருந்து இறங்கும் கம்பியில் பூட்டியிருந்த சுவிச்சைத் தோழர் அணைத்தார். அணைத்த அளவில் அதனுள்ளே நீலச் சுடர் ஒன்று எழுந்து, அவியாமல் நின்று எரியலாயிற்று. சுவிச்சின் மூடி கருகி உருகிற்று. தோழர் விரைந்தோடித் தார்ப்பாயைத் தகடுகளின்மேல் விரித்து வெயிலை மறைத்தார். அதன்பின்னரே சுடர் அவிந்தது. பிற்பாடு ஆராய்ந்தபொழுது, வீட்டு விளக்குகளுக்கு இடும் சுவிச்சையே அங்கும் இட்டிருந்தனர் என்பது தெரிந்தது.

தோழரின் தந்தையாரை அவ்வூர் வழக்கப்படி யாமும் 'வாப்பா' என்றே அழைப்போம். அவர் எம்மை நோக்கி, “தம்பி, கரண்டு எல்லாம் ஒன்றுதானே? கீழே இருபது வருஷமாக நல்லபடியாக இருக்கிற சுவிச்சு, மேலே மட்டும் ஏன் எரிந்துபோயிற்று?” என்று வினவினார். தமிழ் இலக்கியம் பயிலும் எமக்கு விடை தோன்றவில்லை; நாணி நின்றோம். கல்லூரிக்கு மீண்டபின், இயற்பியற் பேராசிரியரை அடுத்துக் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை, எம்மைப்போல் அறிவியல் பயிலாத மாணவர்பொருட்டு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மின்னோட்டம் என்பது கம்பியினூடே எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் இயங்குதலாம். அவ்வியக்கம் இருவகைப்படும். தாமிரபரணியை நினைத்துக்கொள்வோமாக. பாபநாசத்து மலையடியில் அதன் நீர் இரவும் பகலும் ஒரே திசையில் ஓடுகின்றது. அவ்வாறே புன்னைக்காயலை அடைந்து கடலொடு கலக்குமிடத்திலோ, ஓதம் ஏறுங்கால் நீர் உள்ளே புகுவதும், வற்றுங்கால் வெளியே செல்வதுமாக இருக்கின்றது. முன்னது போன்றது நேர் மின்னோட்டம். மக்கள் அதனை டி.ஸி. என்பர். பின்னது போன்றது மாறு மின்னோட்டம், அதுவே ஏ.ஸி. எனப்படுவது.

முன்னும் பின்னுமாக அலையும் ஒன்று வேலை செய்வது எங்ஙனம் என ஐயுறுவார் உளர். மரம் அறுக்கும் ரம்பமும் முன்னும் பின்னுமாகவே செல்கின்றது. அதனால் மரம் அறுபடாமல் இல்லையே. நம் இல்லங்களுக்கு வரும் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை சென்று மீள்வது. ஆகவே அது நொடிக்கு 100 முறை திசை மாறுகின்றது. மாறும் ஒவ்வொரு முறையும் அதன் வலிமை ஒரு கணம் முற்றிலும் இன்றிப் போகின்றது. இதனை மனத்திற் கொள்க. வாப்பாவின் வினாவிற்கு விடை இதனுள்ளேயே இருக்கின்றது.

இனி, நேரே செல்வதை விடுத்து அலைவதை வீடுகளுக்குத் தேர்ந்தது ஏன் என்பதைக் காண்போம். 1882-ஆம் ஆண்டில் எடிசன் நியூயார்க் நகரில் பேர்ல் தெருவில் நிறுவிய மின்நிலையம் நேர் மின்னோட்டத்தையே அளித்தது. அது ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்குமேல் பயன்படவில்லை. கம்பியில் மின்னோட்டம் செல்லுங்கால் கம்பி சூடாகி ஆற்றல் வீணாகின்றது; மின்னோட்டம் இருமடங்காயின் அவ்விழப்பு நான்கு மடங்காம். ஒரே அளவு ஆற்றலை உயர்ந்த வோல்ட்டில் அனுப்பின் மின்னோட்டம் சிறிதாகும்; இழப்பும் மிகக் குறையும். 1,00,000 வாட் ஆற்றலை 230 வோல்ட்டில் அனுப்ப ஏறத்தாழ 435 ஆம்பியர் வேண்டும்; 11,000 வோல்ட்டில் அனுப்ப 9 ஆம்பியரே போதும். கம்பி அதுவேயாயின், இழப்பு ஏறத்தாழ 2,300-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஆனால் 11,000 வோல்ட்டை வீட்டிற்குள் விடலாகாது. வழியில் உயர்த்தவும் வாயிலில் தாழ்த்தவும் ஒரு கருவி வேண்டும். அதுவே தெருமுனைகளில் நாம் காணும் டிரான்ஸ்பார்மர். அது ஓர் இரும்புச் சட்டத்தில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றியது. ஒரு சுருளில் மின்னோட்டம் மாறுங்கால், இரும்பிலுள்ள காந்தமும் மாறி, மற்றச் சுருளில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கின்றது. 1831-இல் பாரடே கண்ட உண்மை இது. மாறுதல் இல்லையேல் தோற்றமும் இல்லை. ஆதலின் நேர் மின்னோட்டம் இக்கருவிக்கு உதவாது. எடிசனுடைய முறையைத் தெஸ்லாவும் வெஸ்டிங்ஹவுசும் வென்றது இதனாலேதான். நம் நாட்டில் 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்விசையால் எழுந்த மின்சாரம் தொலைவிலுள்ள ஊர்களை அடைந்ததும் மாறு மின்னோட்டமாகவேயாம்.

அங்ஙனமாயின் நேர் மின்னோட்டம் வழக்கொழிந்ததோ எனின், அன்று. காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா செய்யும் ஆலை உளது. உப்புநீரில் மின்னோட்டம் பாய்ச்சுங்கால் ஒரு முனையில் குளோரின் எழுகின்றது. மறு முனையில் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் தோன்றுகின்றன. முனைகள் நொடிக்கு நூறுமுறை இடம் மாறுமாயின் இங்ஙனம் பிரித்தெடுத்தல் கூடாது. ஆதலின் அத்தொழிலுக்கு, வரும் மாறு மின்னோட்டத்தை நேராக்கியே பயன்படுத்தல் வேண்டும். வீட்டிலும் இதுவே நிகழ்கின்றது. கைப்பேசி, எல்.ஈ.டி. விளக்கு, மடிக்கணினி ஆகியன உள்ளே வேண்டுவது நேர் மின்னோட்டமே. கைப்பேசியின் சார்ஜர், 230 வோல்ட் மாறு மின்னோட்டத்தை 5 வோல்ட் அளவான நேர் மின்னோட்டமாக்கித் தருகின்றது. இன்வெர்ட்டரோ இதற்கு மறுதலை: பாட்டரியின் நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக்கி விசிறியைச் சுழற்றுகின்றது.

மாடித் தகடுகள் தருவதும் நேர் மின்னோட்டமே. தகடு ஒன்று 40 வோல்ட் தருமாயின், பத்தைத் தொடராகக் கோத்தால் 400 வோல்ட் ஆகும். சுவிச்சை அணைக்குங்கால் அதன் இரு நாக்குகளும் பிரிகின்றன. பிரியும் இடைவெளியில் காற்றினூடே சுடர் எழுதல் இயல்பு. மாறு மின்னோட்டமாயின், நொடியின் நூற்றில் ஒரு பங்கிற்குள் அதன் வலிமை இன்றிப்போக, சுடரும் தானே அவியும். நேர் மின்னோட்டத்திற்கு அவ்வித ஓய்வு இல்லை. ஆகவே சுடர் நின்று எரிந்து சுவிச்சை உருக்கும். சுடரை நீட்டி அறுக்கும் அமைப்புடைய நேர் மின்னோட்டச் சுவிச்சே அவ்விடத்திற்கு உரியது. இதுவே வாப்பாவுக்கு யாம் அன்று கூற இயலாத விடை. பின்னர்க் கடிதத்தில் எழுதினோம். உரிய சுவிச்சும் அங்கே பொருத்தப்பட்டது.

ஒரு காலத்தில் ஒரு மைல் கடக்கவியலாத நேர் மின்னோட்டம், இன்று நெடுந்தொலைவும் செல்கின்றது. சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை, ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர் தொலைவுக்கு, நேர் மின்னோட்டப் பெருவழி ஒன்று 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பயனுக்கு வந்தது. அதன் அளவு 6,000 மெகாவாட். மாறு மின்னோட்டத்தை நேராக்கவும் நேரை மாற்றவும் வல்ல பெருங்கருவிகள் தோன்றியமையால் இது கைகூடிற்று.

ஆகவே இவற்றுள் எது உயர்ந்தது என்பதன்று வினா. எது எவ்விடத்துக்கு உரியது என்பதே. தமிழில் ஒரு சொல்லை இடனறியாது பெய்தால் பொருள் கெடும். மின்சாரத்தில் ஒரு சுவிச்சை இடனறியாது பெய்தால் வீடே கெடும். கதிரொளித் தகடுகளை மாடியில் ஏற்றுவோர் நம் ஊர்களில் நாளும் பெருகுகின்றனர். அவர்கள் வாங்கும் சுவிச்சின்மேல் டி.ஸி. என்னும் குறியும், தாங்கும் வோல்ட் அளவும் உளவா எனப் பார்த்தல் வேண்டும். வெயில் உள்ளவரை அத்தகடுகளில் மின்சாரம் உண்டு. ஆதலின் அவற்றின் கம்பிகளைத் தாமே அவிழ்த்தலும் ஆகாது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் இச்சிறு செய்தியைத் தம் இல்லத்தாருக்கு எடுத்துரைப்பாராயின், இதனை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.