மலிவு டிவி

மகன் ஓடி வந்தான்.

"அம்மா, பெரிய பிளாஸ்மா டிவி. பழசு. விலை மலிவு. வாங்கலாமா?"

அம்மா கடைக்குப் போனார். டிவியின் பின்புறம் எழுதியிருந்ததைத் தாமே படித்தார்.

"300 வாட்."

பக்கத்தில் ஏறக்குறைய அதே அளவு எல்.இ.டி. டிவி இருந்தது. அதையும் படித்தார்.

"100 வாட்."

அம்மா கணக்குப் போட்டார்.

1000 வாட் மின்சாரம் 1 மணி நேரம் செலவானால் 1 யூனிட்.
தினம் 5 மணி நேரம் டிவி ஓடினால், 30 நாளில்:

பிளாஸ்மா – 45 யூனிட்
எல்.இ.டி. – 15 யூனிட்

"மாதம் 30 யூனிட் கூடுதல். இது மலிவா?" என்று அம்மா கேட்டார்.

கடைக்காரர் சொன்னார்: "பெரிய நிறுவனங்கள் 2014-ஆம் ஆண்டோடு பிளாஸ்மா டிவி செய்வதை நிறுத்திவிட்டன. பழுதானால் உதிரிப் பாகம் கிடைப்பது கடினம்."

மகன் தலையாட்டினான்.

பயிற்சி: உங்கள் வீட்டு டிவி எத்தனை வாட்? படித்து எழுதுங்கள்.