அடிக்கிற பிள்ளையைப் பார்க்கப் போகும்முன்

1. பிள்ளையை உங்கள் அறைக்கு வரவழைத்தால் பாதிதான் தெரியும். புது இடத்தில் எந்தப் பிள்ளையும் சாதுவாக உட்காரும். சத்துணவு வரிசைக்குப் போங்கள். வீட்டில் டிவியை அணைக்கும் நேரத்துக்குப் போங்கள்.

2. நோட்டில் 'முரடன்' என்று எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன்பின் அதற்கு என்ன கிடைத்தது. இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் புதியவர்கள் காலியாக விடுகிறார்கள். உதாரணமாக, ஒருவன் கணக்கு வகுப்பில் பக்கத்துப் பையனைக் குத்துகிறான். ஆசிரியர் வெளியே நிறுத்துகிறார். அவனுக்கு அது கணக்கிலிருந்து விடுதலை. நாளைக்கும் குத்துவான். அவனுக்குக் கழித்தல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். 'புரியல சார்' என்று கை தூக்கச் சொல்லிக்கொடுங்கள். தூக்கியதும் ஆசிரியர் உடனே வரவேண்டும்.

3. காது, கண், தூக்கம், பசி. இவற்றைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பேச்சு தாமதமான பிள்ளைக்குக் கைதான் முதலில் நீளும்.

4. இரண்டு, மூன்று வயதில் அடிப்பதும் கடிப்பதும் உச்சத்தில் இருக்கும் என்பதைக் கனடாவில் ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே காட்டினார். பேச்சு வளர வளரக் குறையும். எட்டு வயதிலும் குறையவில்லையென்றால் காத்திருக்காதீர்கள்.

5. தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். அமெரிக்காவின் ஓரிகனில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளுக்கே ஆளனுப்பிக் கவனித்தார். தாய் ஒன்று சொல்கிறாள், பிள்ளை கத்துகிறது, தாய் விட்டுவிடுகிறாள், கத்தல் நிற்கிறது. கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளையும், விட்டுவிட்டால் நிம்மதி என்று தாயும் கற்றுக்கொள்கிறார்கள். களைத்துப்போன வீட்டில் இது யாருக்கும் நடக்கும். அவளுக்கு வேண்டியது துணை.

6. விட்டுக்கொடுப்பதை நிறுத்தியதும் கத்தல் முதலில் கூடும். இதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் சில நாளில் பணிந்துவிடுவார்கள். இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றிருக்கும். அதே நாட்களில், அடிக்காமல் விளையாடிய ஐந்து நிமிடத்தையும் பெயர் சொல்லிப் பாராட்டச் சொல்லுங்கள். பிறருக்குக் காயம் ஆகும் என்றால் மட்டும் உடனே குறுக்கிடுங்கள்.

7. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. 'ரெண்டு வைத்தால் சரியாகிவிடும்' என்று உங்களிடம் சொல்வார்கள். தலையாட்டாதீர்கள். பிறரை அடிக்கும் பிள்ளை வீட்டில் அடிவாங்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். தனியே, மெதுவாகக் கேளுங்கள். உடம்பில் தழும்பைக் கண்டால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.