செவ்வாய்க்கிழமை லேபுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்துவிட்டாய். சந்தோஷம். இனி செவ்வாய்க்கிழமை என்றாலே உனக்குக் கர்ப்பிணிகள் வரிசைதான். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி என்று சீட்டு நிறைய எழுதி வரும். மெஷினை ஓட்ட உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்னால்தான் பாதித் தப்பு நடந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"நீங்கதானே லட்சுமி?" என்று கேட்காதே. கூட்டத்தில் களைத்து உட்கார்ந்திருப்பவள் எதற்கும் தலையாட்டுவாள். "உங்க பேரைச் சொல்லுங்க" என்று கேள். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அதனால் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணையும் சரிபார்த்துக்கொள். அவள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் ட்யூபில் பெயர் ஏறியிருக்க வேண்டும். இரண்டு லட்சுமிகளின் ட்யூப் மாறி, நெகட்டிவ் வகைக்காரிக்குப் பாசிட்டிவ் என்று அட்டையில் விழுந்தால், பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டுமா என்று பார்க்க யாருக்கும் தோன்றாது. முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். ஆபத்து அடுத்த பிள்ளைக்கு.

விரலில் குத்தினால் பிதுக்காதே. திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைத்துக் காட்டும். 11 கிராமுக்குக் கீழே ரத்தசோகை, 7-க்குக் கீழே கடுமையானது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களை முந்திக்கொண்டு பெருகும். நடு மாதங்களில் அளவு சற்று இறங்குவது அதனால்தான். "ஒடம்புல ரத்தமே இல்லையேம்மா" என்று சொல்லிவிடாதே. எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. வீடு போய்ச் சேர்வதற்குள் அது மாமியார் வாயில் குற்றச்சாட்டாகிவிடும்.

சர்க்கரை டெஸ்ட்டில்தான் உன் பொறுமை தெரியும். 75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீர். வெறும் வயிறு தேவையில்லை. ஐந்து பத்து நிமிடத்தில் நிதானமாகக் குடிக்கட்டும். மடமடவென்று குடிக்கச் சொன்னால் வாந்திதான். அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுநாள் வரச் சொல், அதற்குப் பிறகு வந்தால் டெஸ்ட்டைத் தொடரலாம். இடையில் டீ, வடை கூடாது; வாசலில் கடை இருக்கிறது, ஒரு கண் வைத்துக்கொள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. அந்த இரண்டு மணிக்குள்தான் அவள் ஊர் பஸ் வரும். "பஸ்ஸு போயிடும்க்கா" என்பாள். ஒன்றரை மணியில் எடுத்து இரண்டு என்று எழுதிவிடாதே. தூரத்து ஊர்க்காரிகளை முதலில் குடிக்க வை. எடை, பிரஷர், மற்ற ரத்தமெல்லாம் நடுவில் முடிந்துவிடும். முதல் தடவை சரியாக இருந்தவளுக்கும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

எச்.ஐ.வி. முடிவை வரிசையில் வைத்துச் சொல்லாதே, முகத்திலும் காட்டாதே. முதல் டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தாலும் அதுவே இறுதி அல்ல. அப்படி வந்தவளைத் தனியாக நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் அனுப்பு. சிகிச்சை இல்லாமல் விட்டால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். மருந்து முறையாகப் போனால் 5-க்கும் கீழே வந்துவிடும். சிபிலிஸுக்குப் பென்சிலின் இருக்கிறது.

ரிப்போர்ட் வாங்காமல் போனவர்கள் பட்டியலை அன்று மாலையே கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்துவிடு. அவருக்கு வீடு தெரியும்.

அன்புடன்,
அக்கா